பள்ளிக்கூடம் பக்கத்தில்தான்... பாதைதான் இல்லை!

*பிள்ளைகளை நடந்து பள்ளிக்குப் போகச் சொல்கிறோம். எதில் நடப்பது?*

காலை எட்டு இருபது. சென்னையின் தென்புறநகரில், மெயின் ரோட்டிலிருந்து பிரியும் இருபதடித் தெரு. பள்ளியின் இரும்பு கேட் பாதிதான் திறந்திருக்கிறது. அந்தப் பாதித் திறப்பைக் குறிவைத்து ஸ்கூட்டர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. முன்னால் நின்றபடி ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் யு.கே.ஜி. பையன், பின்னால் அப்பாவின் முதுகில் கன்னம் வைத்து மிச்சத் தூக்கத்தைத் தூங்கும் அக்கா, காலிடுக்கில் இரண்டு புத்தகப் பைகள். கேட்டுக்கு நேர் எதிரே ஒரு மஞ்சள் வேன் ரிவர்ஸ் எடுக்கிறது. கிளீனர் பையன் பின்பக்கத் தகரத்தைத் தட்டி ‘வரலாம் வரலாம்’ என்கிறான். வர இடம் இல்லை. வாட்ச்மேன் விசில் ஊதுகிறார். ஒரு அம்மா வண்டியை அணைக்காமலே பிள்ளைக்கு ஐடி கார்டை மாட்டிவிடுகிறார். இன்னொருவர் மறந்துபோன தண்ணீர் பாட்டிலுக்காக அதே கூட்டத்துக்குள் யூ-டர்ன் போடுகிறார்.

இத்தனைக்கும் ஓரமாக, காம்பவுண்டு சுவரை உரசிக்கொண்டு, இரண்டு சிறுமிகள் கைகோத்து நடந்து வருகிறார்கள். மாநகராட்சிப் பள்ளிச் சீருடை. அவர்களுடைய பள்ளி அடுத்த தெருவில். மழைநீர் வடிகாலின் சிமென்ட் மூடிகள்தான் அவர்களுக்குப் பாதை. ஒரு இடத்தில் மூடி இல்லை, தாண்டுகிறார்கள். அடுத்து டிரான்ஸ்ஃபார்மர்; தெருவில் இறங்குகிறார்கள். இறங்கிய நொடியில் முதுகுக்குப் பின்னால் ஒரு ஹாரன் அலறுகிறது.

அந்தத் தெருவில் அந்த நேரத்து நெரிசலுக்கு எந்த வகையிலும் காரணமாகாத இரண்டு பேர் அவர்கள். ஒதுங்கச் சொல்லி அதட்டப்படுவதும் அவர்கள்தான்.

நடப்பவர்கள் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்

ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்தப் பேச்சு கிளம்பும். பிள்ளைகள் குண்டாகிறார்கள், செல்போனை விட்டு எழுவதில்லை, அந்தக் காலத்தில் நாங்கள் நாலு மைல் நடந்து படித்தோம்... இப்போது பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதே பேச்சுதான். வேன் கட்டணம் ஏறும்போதெல்லாம் ‘பேசாம நடக்க விட்டுடலாமா’ என்று ஒரு குரல் எழும். அடுத்த நிமிடமே பத்துக் குரல்கள் அதை அடக்கிவிடும்.

நாலு மைல் கதையைச் சொல்பவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தியப் பிள்ளைகள் நடப்பதை நிறுத்தவே இல்லை. 2017-18-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்று, நாட்டில் படிக்கிறவர்களில் 59.7 சதவீதம் பேர் நடந்தே போகிறார்கள் என்று பதிவு செய்தது. மாணவிகளில் 62 சதவீதம், மாணவர்களில் 57.9 சதவீதம். வீட்டில் ஒரு வண்டி இருந்தால் அதில் முதல் இடம் மகனுக்கு என்பதையும் இந்த இடைவெளியில் வாசிக்கலாம் என்றே தோன்றுகிறது.

ஆக, நடக்கப் பழக்க வேண்டிய பிள்ளைகள் சிறுபான்மை. ஆனால், தெருவின் அமைப்பை முடிவு செய்வது அந்தச் சிறுபான்மையின் பெற்றோர்கள் ஏறி வரும் வண்டிகள். நடப்பது நம் ஊரில் வசதியின்மையின் அடையாளமாகிவிட்டது. ‘அவங்க பையன் நடந்துதான் ஸ்கூலுக்குப் போறான்’ என்று அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் சொன்னால், அது பாராட்டாகக் காதில் விழுவதில்லை. வழியில்லாதவர்கள் நடப்பார்கள் என்று ஒரு சமூகம் முடிவு செய்துவிட்டால், நடைபாதை போடும் வேலை பட்ஜெட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். போய்விட்டது.

வண்டியில் போனால் பத்திரமா?

நடக்க விடாததற்குப் பெற்றோர் சொல்லும் முதல் காரணம் பாதுகாப்பு. அதை யாரும் ஏளனம் செய்ய முடியாது. ஆனால், பாதுகாப்பு என்று நம்பி ஏற்றிச் செல்லும் வாகனம் எது என்று பார்க்க வேண்டும்.

> ■ எண்கள் சொல்வது
>
> மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, அந்த ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர்.
>
> இதில் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் 44.5 சதவீதம். பாதசாரிகள் 19.5 சதவீதம், அதாவது 32,825 பேர், ஒரு நாளைக்கு 90 பேர்.
>
> 18 வயதுக்கு உட்பட்டவர்கள் 9,528 பேர். ஒரு நாளைக்கு 26 பிள்ளைகள்.

சாலையில் இறப்பவர்களில் மிகப் பெரிய கூட்டம் இருசக்கர வாகனக்காரர்கள். நம் பிள்ளைகளில் பலரும் அந்த இருசக்கர வாகனத்தில்தான், பெரும்பாலும் தலைக்கவசம் இல்லாமல் பள்ளிக்கு வருகிறார்கள். நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தலைக்கவசம் கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். நாலு வயதுக்குக் கீழே என்றால் தலைக்கவசத்தோடு, ஓட்டுபவருடன் சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. இந்த விதி 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. எந்தப் பள்ளி வாசலிலாவது பத்து நிமிடம் நின்று, அந்தப் பட்டையோடு வரும் குழந்தையைத் தேடிப் பாருங்கள்.

வேன், பஸ் என்றாலும் கவலை தீர்வதில்லை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அதன் பிறகே பள்ளி வாகனங்களுக்குத் தனிச் சிறப்பு விதிகள் வந்தன. ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆய்வும் நடக்கிறது. நிலைமை மேம்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வு வண்டியின் படிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. இறங்கும் பிள்ளைக்குக் கால் வைக்க இடம் இருக்கிறதா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

இதில் ஒரு நச்சுச் சுழல் இருக்கிறது. தெருவில் வண்டிகள் அதிகம் என்பதால் நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பிள்ளையை வண்டியில் ஏற்றுகிறோம். அதனால் தெருவில் ஒரு வண்டி கூடுகிறது. அடுத்த வீட்டு அம்மாவுக்குப் பயம் கூடுகிறது. அவரும் சாவியை எடுக்கிறார். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் பாதிப் பேர் இருசக்கர வாகனத்தில் வந்தால், மணி அடிப்பதற்கு முந்தைய இருபது நிமிடத்தில் ஐந்நூறு வண்டிகள் வரை அந்தத் தெருவுக்குள் வந்து, திரும்பி, வெளியேற வேண்டும். அத்தனை வண்டிகளும் ‘தெருவில் டிராஃபிக் ஜாஸ்தி’ என்ற காரணத்தால் வந்தவை!

இங்கிலாந்தில் இதை அளந்து பார்த்தார்கள். 1971-ல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போய்வந்தார்கள். 1990-ல் மேயர் ஹில்மன், ஜான் ஆடம்ஸ், ஜான் வைட்லெக் ஆகியோர் அதே கேள்வியோடு திரும்பப் போனபோது அது 9 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. சாலையில் இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை இந்தக் காலத்தில் குறைந்திருந்தது. அரசாங்கம் அதை வெற்றி என்றது. பிள்ளைகளைச் சாலையிலிருந்து அகற்றிவிட்டுக் கிடைத்த எண் அது என்றார்கள் இவர்கள்.

ஒரு மைல் கணக்கு

காமராஜர் ஆட்சிக் காலத்தில் தொடக்கப் பள்ளிகள் திறக்க வைத்துக்கொண்ட கணக்கு எளிமையானது: ஒரு மைலுக்குள் பள்ளி இருக்க வேண்டும். சின்னக் கால்களால் நடக்க முடிந்த தூரம் அது. பிறகு கோத்தாரி ஆணையம் (1964-66), அருகமைப் பள்ளி என்ற கருத்தைத் தேசிய அளவில் முன்வைத்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகளும் அதே வழியில், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டர் நடை தூரத்துக்குள் பள்ளி என்கின்றன.

சட்டம் இன்னும் நடையில்தான் தூரத்தை அளக்கிறது. மாறியது நாம். பக்கத்துப் பள்ளியைத் தாண்டி ‘நல்ல’ பள்ளியைத் தேடத் தொடங்கியதும், தூரம் ஒரு தகுதியாகவே ஆகிவிட்டது. முதலில் சைக்கிள் ரிக்‌ஷா, பிறகு ஆட்டோ, இப்போது ஏ.சி. பஸ். மூன்றரை வயதுக் குழந்தை காலை ஏழு மணிக்கு வேனுக்காகத் தெருமுனையில் நிற்கிறது. அந்த வேன் நாற்பது நிமிடம் ஊரைச் சுற்றிப் பள்ளியை அடைகிறது. கல்வி உரிமைச் சட்டம் தரும், தனியார் பள்ளிகளின் 25 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பதை நிரூபிக்கப் பெற்றோர் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். மேப்பில் புள்ளி வைத்து, மீட்டர் கணக்கில் வாதாடுவார்கள். இடம் கிடைத்த மறுநாள் வேனுக்குப் பணம் கட்டிவிடுவார்கள்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காட்சி வேறு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்குப் பிறகு, பிள்ளைகள் முதல் மணிக்கு வெகு முன்னதாகவே வருகிறார்கள். சாம்பார் ஊற்றிய உப்புமாவுக்காகக் காலையில் கூட்டமாக, பேசிக்கொண்டே நடந்து வரும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும் எவருக்கும், நடைப் பழக்கத்தை ஊக்குவிக்க வெளிநாட்டுப் பயிற்சி முகாம் தேவையில்லை என்பது புரியும்.

நடக்காததால் என்ன போகிறது?

உடம்புக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஐந்து முதல் பதினேழு வயது வரை நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11-17 வயதினரில் உலகம் முழுவதும் 81 சதவீதம் பேர் அதை எட்டுவதில்லை என்று 2019-ல் அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பி.டி. பீரியட்டைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்ளும் நாட்டில், வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான நடைதான் அட்டவணையில் யாராலும் பறிக்க முடியாத உடற்பயிற்சி.

படிப்பைச் சொன்னால்தான் நம் வீடுகளில் எடுபடும் என்பதால் இன்னொன்று. டென்மார்க்கில் 2012-ல் சுமார் 20,000 மாணவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வில், நடந்தோ சைக்கிளிலோ வந்தவர்களின் கவனக்குவிப்பு கூடுதலாக இருந்தது. அந்த வேறுபாடு காலை நேரத்தில் நான்கு மணி நேரம் வரை நீடித்தது. காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பதைப் பார்க்கத் தொடங்கிய ஆய்வு அது. எப்படி வந்தார்கள் என்பதன் விளைவு அதைவிடப் பெரிதாக இருந்ததில் ஆய்வாளர்களே அசந்துபோனார்கள்.

இவை இரண்டையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. எல்.கே.ஜி.யிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஏற்றி இறக்கப்பட்ட பிள்ளை, சாலையை ஒரு நாளும் தன் கண்ணால் படித்ததில்லை. வரும் லாரியின் வேகத்தைக் கணிப்பது, வளைவில் காது கொடுத்துக் கேட்பது, டிரைவரின் கண்ணைப் பார்ப்பது எல்லாம் நடந்தால்தான் வரும். அந்தப் பிள்ளை முதல்முறையாகத் தனியாகச் சாலைக்கு வருவது எப்போது தெரியுமா? பிளஸ் ஒன் டியூஷனுக்கு, வீட்டு ஸ்கூட்டரின் மேல்! பதினாறு வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சி.சி.க்கு மிகாத கியரில்லா வண்டியை மட்டும். வீட்டில் நிற்பதோ நூறு சி.சி.க்கு மேற்பட்டது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவின்படி, சிறார் ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். ஏழு வயதில் தெருவைக் கடக்க விடாத அதே அப்பா, பதினாறில் சாவியைக் கொடுப்பது நம் காலத்தின் விசித்திரம்.

தெருவைக் கடப்பதற்கும் ஒரு வயது உண்டு. ஸ்வீடனின் உளவியலாளர் ஸ்டீனா சாண்டல்ஸ் 1960-களிலேயே சொல்லிவிட்டார்: சிறு பிள்ளைகளை எவ்வளவு பயிற்றுவித்தாலும், அவர்களால் வேகத்தையும் தூரத்தையும் பெரியவர் போலக் கணிக்க முடியாது, போக்குவரத்துக்குத் தக்கபடி பிள்ளையை மாற்ற முடியாது, பிள்ளைக்குத் தக்கபடி போக்குவரத்தை மாற்றுங்கள் என்று. பள்ளி இறைவணக்கக் கூட்டத்தில் ‘சாலையைக் கவனமாகக் கடப்போம்’ என்று உறுதிமொழி எடுக்க வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

லாரி, நாய், பிள்ளை பிடிப்பவன்

பெற்றோரின் பயங்களை வரிசைப்படுத்தினால் இந்த மூன்றும் முதலில் வரும். கடைசியில் இருந்து பார்ப்போம்.

பிள்ளை பிடிப்பவன் பயம் பழையது. வாட்ஸ்அப் அதற்குப் புது உயிர் கொடுத்தது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்கு வழி தேடி வந்த குடும்பத்தில் 65 வயதுப் பெண்மணி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காகக் கூட்டம் அவரை அடித்தே கொன்றது. கடத்தல் எதுவும் நடக்கவில்லை. தெரியாத பெரியவர் ஒருவர் பிள்ளைகளிடம் பேசினாலே குற்றம் என்ற மனநிலை பரவிவிட்ட இடத்தில், தெருவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களும் இல்லாமல் போகிறார்கள். முன்பு பெட்டிக்கடைக்காரருக்கும் இஸ்திரி போடுபவருக்கும் எந்தப் பிள்ளை எந்த வீடு என்று தெரிந்திருந்தது. பிள்ளைகள் தினமும் நடந்து போனதால்தான் தெரிந்திருந்தது.

நாய்ப் பயம் கற்பனை இல்லை. கருத்தடையும் தடுப்பூசியும் முறையாக நடக்காத ஊரில் தனியாக வரும் ஆறு வயதுப் பிள்ளையை நாய்க்கூட்டம் சூழ்வது நடக்கிறது. கூட்டமாக நடப்பதும் உடன் ஒரு பெரியவர் வருவதும் இதற்குப் பாதி மருந்து. மீதிப் பாதி நகராட்சியிடம் இருக்கிறது.

லாரிப் பயம்தான் உண்மையான பயம். அதில் வேகம்தான் விஷயம். ஒரு ஓட்டுநருக்குப் பிள்ளை குறுக்கே வருவது தெரிந்து கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், காய்ந்த சாலையில், சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டரில் வரும் கார் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் கடந்துவிடும். அதாவது, மெதுவாக வந்த வண்டி நின்றுவிட்ட இடத்தில், வேகமாக வந்த வண்டிக்கு இன்னும் பிரேக்கே பிடிக்கவில்லை. மக்களும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களில் உச்ச வேகம் 30-ஆக இருக்கட்டும் என்று 2020 பிப்ரவரியில் உலக நாடுகளின் அமைச்சர்கள் கூடிய ஸ்டாக்ஹோம் மாநாடு அறிவித்ததற்குக் காரணம் இந்த இயற்பியல்தான்.

மஞ்சள் தொப்பி நாடு

ஜப்பானில் ஆறு வயதுப் பிள்ளைகள் பெற்றோர் இல்லாமல் பள்ளிக்கு நடந்து போகும் வீடியோக்களை நாம் எல்லோரும் ஃபார்வேர்டு செய்திருக்கிறோம். ‘அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஒழுக்கம்!’ என்ற தலைப்போடு. ஒழுக்கத்தைப் பார்த்தவர்கள் ஏற்பாட்டைப் பார்க்கவில்லை.

அங்கே பள்ளிக்குப் போகும் வழி என்பது பள்ளியும் உள்ளாட்சியும் சேர்ந்து முடிவு செய்த, வரைபடத்தில் குறித்த வழி. பல ஊர்களில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரு குழுவாகப் புறப்படுவார்கள். முன்னால் ஆறாம் வகுப்பு மாணவர், நடுவில் சிறியவர்கள், கடைசியில் இன்னொரு பெரிய மாணவர். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தூரத்திலிருந்தே தெரியும்படி மஞ்சள் தொப்பி. கடக்கும் இடங்களில் பெற்றோர்கள் முறைபோட்டுக் கொடியோடு நிற்பார்கள். பணி ஓய்வு பெற்ற தாத்தாக்களும் பாட்டிகளும் தன்னார்வத்தில் வந்து நிற்பார்கள். காலை நேரத்தில் பல பள்ளித் தெருக்களில் வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. காரில் கொண்டுவந்து இறக்குவதைப் பள்ளிகளே அனுமதிப்பதில்லை.

இதன் அடியில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் பகுதியின் பொதுப் பள்ளியிலேயே தொடக்கக் கல்வி படிக்கிறார்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளையும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் நடக்கும்போது, அந்த வழியில் மூடியில்லாத வடிகால் எத்தனை நாள் இருக்கும்? இரண்டாவது, 1962-லிருந்தே கார் வாங்குபவர் அதை நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருப்பதைச் சான்றிதழோடு காட்ட வேண்டும். தெரு, கார் நிறுத்துமிடம் ஆகவில்லை. நம் தெருக்களில் நடைபாதையை விழுங்கியது தள்ளுவண்டிக்காரர் என்று சொல்வோம். நின்றுகொண்டிருக்கும் கார்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

ஜப்பானிலும் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். 2021 ஜூனில் சீபா மாகாணத்தின் யச்சிமாட்டாவில், பள்ளி விட்டு வரிசையாக நடந்துவந்த ஐந்து பிள்ளைகள் மீது குடிபோதை ஓட்டுநரின் லாரி மோதியது, இருவர் இறந்தார்கள். அந்த வழியில் நடைபாதை இல்லை. அதற்குப் பிறகு, ‘இனி காரில் அனுப்புங்கள்’ என்று யாரும் சொல்லவில்லை. நாடு முழுவதும் பள்ளி வழிகளைச் சோதித்து, சுமார் 76,000 ஆபத்தான இடங்களைப் பட்டியலிட்டு, சரி செய்யத் தொடங்கினார்கள்.

நெதர்லாந்து இன்னும் கோபமாகத் தொடங்கியது. 1971-ல் மட்டும் அந்தச் சிறிய நாட்டின் சாலைகளில் 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். மகளைச் சாலையில் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலிருந்து ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற இயக்கம் பிறந்தது. பெற்றோர்கள் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். இன்று அந்த நாட்டைச் சைக்கிள் நாடு என்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். அதன் வேர் அந்த மறியலில் இருக்கிறது.

> ■ நடைப் பேருந்து
>
> ஆஸ்திரேலியரான டேவிட் எங்விக்ட் 1990-களின் தொடக்கத்தில் முன்வைத்த யோசனை. பேருந்து இல்லாத பேருந்து. குறித்த வழி, குறித்த நேரம், ‘நிறுத்தங்கள்’ எல்லாம் உண்டு. முன்னால் ஒரு பெரியவர் ‘டிரைவர்’, பின்னால் ஒருவர் ‘கண்டக்டர்’. நிறுத்தத்தில் காத்திருக்கும் பிள்ளைகள் வரிசையில் சேர்ந்துகொள்வார்கள். 1998-ல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸில் நடைமுறைக்கு வந்தது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.
>
> பத்துப் பிள்ளைகளுக்குப் பத்துப் பெற்றோர் வண்டி எடுப்பதற்குப் பதில், இரண்டு பேர் நடந்தால் போதும். வாரத்தில் ஒரு நாள் ஒருவர் முறை.

முதுகில் மூட்டை, தலைக்கு மேல் வெயில்

நடக்கச் சொல்லும் முன் அந்தப் பையைத் தூக்கிப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் தலையிட்ட பிறகுதான் மத்திய அரசு பை எடைக்கு வரம்பு வைத்தது: ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஒன்றரை கிலோ, மூன்றிலிருந்து ஐந்து வரை இரண்டு முதல் மூன்று கிலோ, பத்தாம் வகுப்புக்கு ஐந்து கிலோ. தண்ணீர் பாட்டிலும் டிபன் டப்பாவும் சேர்ந்தாலே முதல் வகுப்புக் குழந்தையின் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். புத்தகங்களைப் பள்ளியிலேயே வைத்துப் போக அலமாரி இல்லாத பள்ளி, நடைப் பயணம் பற்றிப் பேச்சுப் போட்டி வைத்துப் பயனில்லை.

வெயில் புதிய எதிரி. 2023, 2024 இரண்டு ஆண்டும் வெயிலால் ஜூன் பள்ளித் திறப்பு தள்ளிப்போனது. காலையில் நடந்துவிடலாம், மாலை நாலு மணிக்குத் தார் ரோட்டில் நடப்பது வேறு கதை. சாலை விரிவாக்கத்தில் புளியமரங்களை வெட்டிய வழிகளில் போய்ப் பார்த்தால், ஒரு கிலோமீட்டர் என்பது எவ்வளவு நீளம் என்று தெரியும். பள்ளியிலிருந்து நாலு பக்கமும் ஐந்நூறு மீட்டருக்கு மரம் வைப்பது நடைபாதைத் திட்டத்தின் பாதி வேலை. பள்ளி வளாகத்துக்குள் மட்டும் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

கடைத்தெருவுக்குக் கிடைத்தது பள்ளித் தெருவுக்குக் கிடைக்கவில்லை

2014-ல் சென்னை மாநகராட்சி ஒரு நல்ல காரியம் செய்தது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமான கொள்கையை நிறைவேற்றி, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை அதற்கு ஒதுக்குவதாகச் சொன்னது. அதன் பலனாகப் பல கிலோமீட்டர் நடைபாதைகள் வந்தன. 2019 நவம்பரில் பாண்டி பஜாரின் அகன்ற நடை வளாகம் திறக்கப்பட்டது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் குடும்பம் அங்கே கைவீசி நடக்கிறது. அதே குடும்பத்துப் பிள்ளையின் பள்ளித் தெருவில் அரை அடி ஓரம் கிடையாது.

இருக்கிற பிளாட்பாரங்களின் லட்சணமும் தெரிந்ததே. இந்தியச் சாலை காங்கிரஸின் 2012 வழிகாட்டி, நடைபாதையின் அகலம் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் பிளாட்பாரங்கள் பல இடங்களில் முழங்கால் உயரம். ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் ஒரு சரிவு. யு.கே.ஜி. குழந்தைக்கு அது மலையேற்றம். ஏறி இறங்கிச் சலித்துப் பெரியவர்களே தெருவில் நடக்கிறார்கள்.

கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அடிபட்டு வருபவர்களைத் தைத்துக்கொண்டே இருப்பதைவிட, அடிபடாமல் தடுப்பது மேல் என்று ஒரு மருத்துவர் நினைத்தார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்ன நீதிமன்றம், அதற்கான வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் வகுக்க வேண்டும் என்றது. இனி நடைபாதை கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

நடக்கச் சொல்லக் கூடாத இடங்கள்

இந்தப் பேச்சை ஊர் முழுக்க ஒரே மாதிரி பேச முடியாது. பர்கூர் மலையிலும் ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் காட்டு வழியில் பல கிலோமீட்டர் நடந்து படிக்கும் பிள்ளைகளுக்கு நடையின் நன்மைகளைச் சொல்லப் போனால் சிரிப்பார்கள். வால்பாறையில் எஸ்டேட் வழிகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. விதிப்படியான தூரத்துக்குள் பள்ளி இல்லாத குடியிருப்புகளுக்கு வாகன வசதி போன்ற ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்று கல்வி உரிமை விதிகளே சொல்கின்றன. அங்கே தேவை ஜீப்.

தென்மாவட்டச் சில கிராமங்களில் பள்ளிக்குப் போகும் வழியே சாதியின் வழியாகவும் இருக்கிறது. எந்தத் தெரு வழியாகப் போவது, யாருடன் போவது, கையில் என்ன நிறக் கயிறு என்பதெல்லாம் அங்கே சாதாரணக் கேள்விகள் அல்ல. 2023-ல் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை தந்தது; நிறக் கயிறுகளுக்குத் தடை அதன் பரிந்துரைகளில் ஒன்று. பெண் பிள்ளைகளுக்கு டாஸ்மாக் கடை இருக்கும் முனை ஒரு தடை. இவற்றையெல்லாம் ஜீப்ரா கோடு போட்டுத் தீர்க்க முடியாது. கூட்டமாக, பெரியவர் துணையோடு நடப்பது ஓரளவு உதவும். மீதி, காவல் துறையும் ஊரும் செய்ய வேண்டியது.

யாரிடம் கேட்பது?

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோர்களே அதில் பெரும்பான்மை. கழிவறைக்கும் காம்பவுண்டு சுவருக்கும் தீர்மானம் போடும் குழு, சுவருக்கு வெளியே ஐந்நூறு மீட்டருக்கும் தீர்மானம் போடலாம். கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரங்களில் 2022 முதல் ஏரியா சபைகள் இருக்கின்றன. தனியார் பள்ளி நிர்வாகங்கள் மனது வைத்தால், பெரிய வகுப்புகளுக்கும் சிறிய வகுப்புகளுக்கும் மணியை இருபது நிமிடம் தள்ளி அடிக்கலாம். வண்டிகளை இருநூறு மீட்டர் தள்ளியே நிறுத்தி, அங்கிருந்து பிள்ளைகளை நடக்க வைக்கலாம். இதற்கெல்லாம் அரசாணை வேண்டியதில்லை. காலையில் கேட்டை முழுதாகத் திறந்து வைக்கவும் அரசாணை வேண்டியதில்லை!

மனு கொடுக்கப் போகிறவர்கள், பள்ளிக்கு முன்னால் இருக்கும் சாலை யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மாநில நெடுஞ்சாலை என்றால் வேகத்தடைக்கு நெடுஞ்சாலைத் துறை. உள்தெரு என்றால் மாநகராட்சியோ ஊராட்சியோ. காலை நேர வாகனத் தடைக்குப் போக்குவரத்துக் காவல். மூன்றும் சம்பந்தப்பட்டால், ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு பிரதி. மனுவோடு, காலை எட்டரை மணிக்கு எடுத்த படம் ஒன்றையும் இணையுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி பதினொரு மணிக்குத்தான் வருவார். அப்போது அந்தத் தெரு காலியாக இருக்கும்.